ஸ்டியால் அருவிக்கு நடந்து போக: கம்பிப் பாலத்துக்கு முன்னால் பாறையைக் கவனியுங்கள்

கேள்வி இதுதான்: அக்டோபர் இரண்டாம் வாரம் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் மூன்று நாள் தங்கல். கூடவே பத்து வயது மகளும் 66 வயது அப்பாவும். கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கின் ஸ்டியால் அருவிக்கு நடந்து போய்வர முடியுமா? அங்கே ஆற்றின் மேல் இருக்கும் அந்த மூன்று கம்பிப் பாலத்தைக் கடந்தே ஆகவேண்டுமா? மழை பெய்தால் என்ன செய்வது? வடக்கே இருக்கும் குளோமக் அருவியையும் இதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?

முதல் மூன்றுக்கும் சுருக்கமான பதில்: போய்வரலாம், பாலத்தைக் கடக்க வேண்டியதில்லை, பெருமழையாக இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். குளோமக்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லோரும் படம் எடுத்துப் போடுவது கம்பிப் பாலத்தைத்தான், அதனால் பயமும் அங்கேயே போய் நிற்கிறது. காலை எங்கே வைக்கிறோம் என்று உண்மையில் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டிய இடம் அதற்கு முந்தைய ஒன்றரை கிலோமீட்டர் இடுக்குப் பாதை. பாலத்தில் ஏறுகிறவர் பயத்தோடு ஏறுவார், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். இடுக்கில் பேசிக்கொண்டே நடப்பார், கையில் போன் இருக்கும், வலப்பக்கம் சரிவு இருப்பதே மறந்துபோகும். வித்தியாசம் அங்கேதான்.

இடத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸ் (1345 மீட்டர்) வடக்கே, மமோர்ஸ் மலைத்தொடர் தெற்கே, இரண்டுக்கும் நடுவில் ஓடுவது நெவிஸ் ஆறு. அந்தப் பள்ளத்தாக்கின் மேல் பகுதியில், தெற்குச் சுவரிலிருந்து 120 மீட்டர் இறங்குகிறது அருவி. கேலிக் மொழியில் அதன் பெயர் 'அன் ஸ்டியால் பான்', வெள்ளைத் தாரை என்று பொருள். வரைபடத்தில் பெயர்களைப் படிக்க நாலைந்து கேலிக் சொற்கள் தெரிந்தால் போதும்: 'அல்ட்' என்றால் ஓடை, 'எஸ்' என்றால் அருவி, 'கோரி' என்றால் மலை முகடுகளுக்கு நடுவே கொப்பரை போலக் குடைந்த பள்ளம், 'இஷ்கே' என்றால் தண்ணீர். ஸ்டியாலுக்குத் தண்ணீர் தருவது அப்படியொரு கொப்பரைதான். அதைச் சுற்றி நிற்கும் முகடுகளில் பெய்கிற மழை எல்லாம் ஒரே ஓடையாகத் திரண்டு விளிம்பிலிருந்து விழுகிறது.

அது ஏன் அவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும்? பனியுகத்தில் பெரிய பள்ளத்தாக்கில் தடித்த பனியாறு ஓடி ஆழமாக அறுத்துவிட்டது. பக்கத்துக் கொப்பரையில் இருந்த சின்னப் பனியாற்றால் அந்த அளவுக்கு அறுக்க முடியவில்லை. பனி போனபின் சின்னப் பள்ளத்தாக்கின் வாய் அந்தரத்தில் தொங்கிப்போனது. அருவிக்கு முன்னால் தட்டையான ஒரு புல்வெளி இருக்கிறதே, அதன் வாயிலை அடைப்பதுபோல் கீழே குறுகிய பாறை இடுக்கு. மேலே அகன்ற தட்டு, கீழே இறுகிய கழுத்து: அணை கட்டுகிறவர்கள் தேடுகிற அமைப்பு இது. 1960களின் தொடக்கத்தில் வட ஸ்காட்லாந்து நீர்மின் வாரியம் இங்கே அணை கட்டும் திட்டத்தைக் கையில் எடுத்தது. கட்டியிருந்தால் நீங்கள் நடக்கப்போகும் புல்வெளி நீர்த்தேக்கத்துக்கு அடியில் போயிருக்கும். எதிர்ப்பு கிளம்பியது, அணை வரவில்லை. 2000ஆம் ஆண்டில் பென் நெவிஸ் எஸ்டேட்டை, காட்டு நிலங்களைப் பாதுகாக்கும் ஜான் மியூர் அறக்கட்டளை வாங்கியது. இந்தப் பாதையில் மழைநீர் வடியப் பதித்திருக்கும் கல் வாய்க்கால்களும் படிகளும் பெருமுயற்சியில் செய்த வேலை. குறுக்கே வெட்டி நடந்து அவற்றைச் சிதைக்காமல் அவற்றின் மேலேயே நடங்கள்.

இனி வழி. ஃபோர்ட் வில்லியமிலிருந்து கிளென் நெவிஸ் சாலை முடிகிற இடம் வரை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். முக்கால் வழிக்கு மேல் போனதும் கீழ் அருவி என்று சொல்லும் போல்டுவ் பாலம் வரும். அதன்பின் சாலை ஒற்றைத் தடம், கடைசி இரண்டரை கிலோமீட்டர் அப்படித்தான். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நிறுத்தி எதிரே வருபவரை அதற்குள் போகவிடுங்கள். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கப் போவது மட்டும் கூடாது, ஆம்புலன்ஸ் வந்தாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். சாலை முடிவில் இருக்கும் வாகன நிறுத்தம் சிறியது. காலை ஒன்பதரைக்குள் போய்விட்டால் அக்டோபர் வார நாளில் இடம் கிடைக்கும். நிறைந்திருந்தால் கீழ் அருவியில் விட்டுவிட்டு நடக்கலாம், போக ஒரு 40 நிமிடம், வர ஒரு 40 நிமிடம் கூடும். அப்பா கூட இருப்பதால் அதைத் தவிர்க்கப் பாருங்கள். பெரிய கேம்பர் வேனில் வருகிறவர்கள் கீழ் அருவியைத் தாண்டிப் போகவே வேண்டாம். மேலே கழிப்பறை கிடையாது; வழியில் உள்ள விசிட்டர் சென்டரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மேல் நிறுத்தத்திலிருந்து போய்வர மொத்தம் மூன்றரை கிலோமீட்டர், ஏற்றம் நூறு மீட்டரை ஒட்டித்தான். பழகியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பார்கள். குழந்தையும் பெரியவரும் சேர்ந்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் திரும்பும் வழிக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். ஏறும்போது பாறை முகத்துக்கு நேரே இருக்கும், காலை எங்கே வைக்கலாம் என்று தெரியும். இறங்கும்போது அதே பாறை காலுக்குக் கீழே சாய்ந்து போகும், முழங்காலும் களைத்திருக்கும்.

கிளம்பும் முன் நிறுத்தத்திலேயே நின்று இடப்பக்க மலையை அண்ணாந்து பாருங்கள். பென் நெவிஸின் தோளிலிருந்து நீளமான பாறைச் சறுக்கில் தண்ணீர் வழிந்து இறங்கும். கோரி யோவன் ஓடை அது. கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கத் தோன்றும், ஈரச் சறுக்குப் பாறை என்பதால் போகாதீர்கள். ஆனால் அன்றைய தண்ணீர் நிலவரத்தைச் சொல்லும் முதல் அடையாளம் அது. மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் நிம்மதியாகக் கிளம்பலாம். பாறை முழுக்க விரிந்து இரைச்சல் கீழே வரை கேட்டால் வழியில் குறுக்கிடும் ஓடைகளும் அப்படித்தான் இருக்கும். இன்னொரு அடையாளம், வரும் வழியில் போல்டுவ் பாலத்தில் நின்று பார்த்தது: அங்கே ஆறு பெரிய பாறையின் இருபுறமும் பிரிந்து விழும். அந்தப் பாறையே மூழ்கும் நிலையில் இருந்தால் அன்றைக்குக் கீழ் அருவியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதுதான் சரி.

மலை ஓடைகளின் குணம் தெரிந்துகொள்வது நல்லது. ஃபோர்ட் வில்லியமில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை, பென் நெவிஸ் உச்சியில் அதைப்போல இரண்டு மடங்கு. மண் மெல்லியது, அடியில் பாறை, சரிவு செங்குத்து. பெய்த தண்ணீரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. அதனால் பெருமழை பெய்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓடை பொங்கும், விட்ட சில மணி நேரத்தில் வடிந்தும் போகும். இதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். மூன்று நாள் கையில் இருக்கிறது. இரவு முழுக்க மழை கொட்டி, விடியலில் விட்டு, வானம் மேகமூட்டமாக இருக்கிற நாளில் பிற்பகலில் போனால் அருவி நிறைந்திருக்கும், ஓடைகள் இறங்கியிருக்கும். ஸ்டியாலைப் பார்க்க அதைவிட நல்ல வேளை கிடையாது. மழை தொடரும் என்று முன்னறிவிப்பு சொன்னால் மறுநாளைக்குத் தள்ளுங்கள். மலைகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு தரும் எம்டபிள்யூஐஎஸ் சேவையில் மேற்கு ஹைலண்ட்ஸ் பக்கத்தை முந்தைய மாலை பாருங்கள். ஊருக்கான செயலி காட்டும் மழைத்துளிப் படம் போதாது.

பாதை மரத்தடியில் தொடங்குகிறது. பிர்ச், ஓக், ரோவன், இடையிடையே ஸ்காட்ஸ் பைன். அக்டோபரில் பிர்ச் இலை மஞ்சளாகி உதிர்ந்து ஈரப் பாறையில் ஒட்டிக்கிடக்கும். அழகுதான், ஆனால் அந்த இலைக்கு அடியில் கல்லா வேரா என்று தெரியாது. கல் பெரும்பாலும் அபிரகத் தகடுகள் அடுக்கிய ஷிஸ்ட் பாறை, குனிந்து பார்த்தால் மினுமினுக்கும். காய்ந்திருக்கும்போது செருப்பை நன்றாகப் பிடிக்கும். லட்சக்கணக்கான கால்கள் தேய்த்த இடங்களில் பளபளவென்று மெருகேறியிருக்கும். அதன்மேல் ஈரமும் பாசியும் சேர்ந்தால் சோப்புத் தடவியதுபோல. ஆகவே ஈரமான நாளில் பளபளக்கிற இடத்தில் மிதிக்காமல் சொரசொரப்பான, நிறம் மங்கிய இடத்தில் மிதியுங்கள். சாய்ந்த பலகைக் கல்லைக் குறுக்கே கடக்கும்போது பாதம் முழுவதையும் தட்டையாக வையுங்கள். குதிகாலை மட்டும் ஊன்றினால்தான் வழுக்கும். மரவேரின் மேல் எப்போதும் மிதிக்கக் கூடாது, தாண்டிவிடுங்கள்.

இரண்டு மூன்று இடங்களில் கையும் வேண்டும். நடைக்கம்பு வைத்திருந்தால் அங்கே மடக்கிப் பையில் செருகுங்கள், மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பாறையைப் பிடிக்கப் பார்த்தால் கம்பு கால்களுக்கு நடுவே போகும். அப்பாவுக்கு ஒரே ஒரு கம்பு போதும், இறங்குகையில் அது முழங்காலைக் காக்கும். மகளை மலைப்பக்கத்தில் நடக்க விடுங்கள்: போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம். ஆறு மறுபக்கத்தில் கீழே இருக்கிறது. சில இடங்களில் புதரும் மரமும் மறைப்பதால் சரிவு எவ்வளவு ஆழம் என்று தெரியாது. படம் எடுக்க ஓரத்துக்குப் போய்ப் பின்னால் ஒரு அடி வைப்பது, ஆளுக்கு வழிவிடப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவது, இந்த இரண்டும்தான் இங்கே பெரிய தவறுகள். எதிரே ஆள் வந்தால் நீங்கள் மலையோடு ஒட்டி நில்லுங்கள், அவரைக் கடந்து போகச் சொல்லுங்கள். இதற்காகவே தொடக்கத்தில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அது சடங்குக்கு வைத்ததல்ல. இந்த இடுக்கில் விழுந்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள்.

இடையில் ஒன்றிரண்டு சிற்றோடைகள் பாதையைக் கடக்கும். சாதாரண நாளில் கல்லுக்குக் கல் தாவிப் போகலாம். தண்ணீர் முழங்காலைத் தொடும் அளவுக்கு வேகமாக ஓடினால் திரும்பிவிடுங்கள், ஏனென்றால் அது பாய்ந்து இறங்குவது நேராகப் பள்ளத்துக்குள்.

இடுக்கின் முடிவில் பாதை ஒரு திருப்பம் திரும்பும். இரைச்சல் அடங்கிவிடும், சுவர்கள் விலகும், திடீரென்று தட்டைப் புல்வெளி, அதற்குள் அமைதியாக வளைந்து ஓடும் ஆறு, எதிர்ச்சுவரில் வெள்ளையாக அருவி. இந்த நடையின் உச்சம் இந்தத் திருப்பம்தான். இங்கிருந்து அருவி முழு உயரத்துக்கும் தெரியும். அடிவாரத்துக்குப் போனால் தலையைத் தூக்கிப் பார்த்தாலும் பாதிதான் தெரியும், சாரலில் கண்ணாடியும் கேமராவும் நனையும். அதனால்தான் பாலத்தைக் கடக்கத் தேவையில்லை என்றேன். புல்வெளியில் ஆற்றோரம் ஒரு காய்ந்த கல்லைத் தேடி உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதுவே முழுமையான பயணம். அருவி வடக்கு நோக்கி இருப்பதால் அக்டோபரில் அதன்மேல் வெயில் விழுவது அரிது. பின்னால் வெளிறிய வானம் வராமல் அருவியை மட்டும் சட்டத்தில் வைத்தால் படம் நன்றாக வரும்.

பாலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பார்த்தபின் ஆசை வரும். காலுக்கு ஒரு தடித்த கம்பி, கைகளுக்கு இருபுறமும் ஒவ்வொன்று, அவ்வளவுதான். ஒருநேரத்தில் ஒருவர் மட்டும். இரண்டு பேர் ஏறினால் ஒருவருடைய அசைவு இன்னொருவரைத் தூக்கிப் போடும். பாதத்தை நேராக வைக்காமல் குறுக்குவாட்டில், கம்பி உள்ளங்காலின் வளைவில், குதிகாலுக்கு முன்னால் பதியும்படி வையுங்கள். கையை எடுத்து எடுத்து வைக்காமல் சறுக்கிக்கொண்டே போங்கள், மூன்று இடத்தில் பிடி எப்போதும் இருக்கும். நடுவில் கம்பி தொய்யும்போது கைக்கம்பிகள் விலகுவதுபோலத் தோன்றும். அங்கே நின்றால் ஆட்டம் கூடும், சீராக நகர்ந்துகொண்டே இருங்கள். பையின் வார்கள் இறுக்கமாக இருக்கட்டும், கழுத்தில் கேமரா தொங்க வேண்டாம். பத்து வயதுப் பெண்ணுக்குக் கைக்கம்பி உயரம் சரிவராது, ஆகவே அவள் வேண்டாம். ஈரமான எஃகு வழுக்கும், உறைபனி நாளில் ஏறவே கூடாது. பராமரிப்புக்காகப் பாலத்தை மூடியிருந்தால் அறிவிப்பு தொங்கும், அதை மீறாதீர்கள்.

அக்கரையில் இருக்கும் வெள்ளை வீடு மலையேற்ற மன்றத்தின் பூட்டிய குடில், மழைக்கு ஒதுங்க அதை நம்ப முடியாது. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் அருவியின் அடி. நடுவில் சதசதவென்று சேறு, பிறகு அருவியிலிருந்தே வரும் ஓடையைக் கடக்க வேண்டும். பாலத்தைச் சாகசமாகக் கடந்துவிட்டு இந்த ஓடையில் கால் இடறி நனைகிறவர்கள்தான் அதிகம். ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் அக்கரையில் இருக்கும்போது மழை வலுத்தால் திரும்பி வரப் பாலம் ஒன்றுதான் வழி.

குளிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நின்று பழகியவர்களுக்கு அருவி என்றாலே கால் தானாகப் போகும். இங்கே வேண்டாம். கோடையிலும் இந்தத் தண்ணீர் பெரும்பாலும் 15 டிகிரியைத் தாண்டாது, அக்டோபரில் அதைவிடக் குறைவு. அந்தக் குளிரில் இறங்கியதும் முதல் ஒரு நிமிடம் மூச்சு தன் வசத்தில் இருக்காது, வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போகும். பத்து நிமிடத்தில் கைவிரல்கள் பிடிமானம் இழக்கும். அடித்துவரப்படும் கல்லும் மேலிருந்து விழும்.

உடைக்கு வருவோம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்திப் பனியனுக்குப் பதில் கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன்மேல் ஃப்ளீஸ், மேலே தைத்த இடங்களை அடைத்த மழைக்கோட்டு, மழைப் பேன்ட். அடியில் ஆழமான பள்ளங்கள் வெட்டிய ஷூ. மெருகேறிய பாறையில் தேய்ந்த ஓட்டப்பந்தய ஷூதான் பெரும்பாலான சறுக்கல்களுக்குக் காரணம். ஆளுக்கொரு தொப்பி, கையுறை, பொதுவாக ஒரு கூடுதல் காலுறை ஜோடி, ஃபிளாஸ்க்கில் சூடான தேநீர், தலைவிளக்கு. அந்த வாரத்தில் சூரியன் மாலை ஆறரையை ஒட்டி மறையும், இடுக்கில் மரத்தடியில் அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வெளிச்சம் போய்விடும். புல்வெளியிலிருந்து நாலு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

இடுக்கில் போன் சிக்னலை நம்ப வேண்டாம். கிளம்பும் முன், ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்று 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பேச முடியாத அளவு பலவீனமான சிக்னலிலும் குறுஞ்செய்தி போகும். அவசரத்தில் 999ஐ அழைத்தால் முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. விசில் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். பதிலுக்கு மூன்று ஊதல் கேட்கும். கேட்டபின்னும் நிறுத்தாதீர்கள், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வந்து சேர்வார்கள்.

குளோமக்: 113 மீட்டர், கின்டெய்ல் பகுதியில், ஸ்டியாலைவிடத் தனிமையானது, ஒரே தாவலில் கருத்த பிளவுக்குள் இறங்குவது. மோர்விக்கிலிருந்து ஒரு கணவாயைக் கடந்து போய்வர 18 கிலோமீட்டர், எட்டு மணி நேர நடை. அக்டோபர்ப் பகலில் அதற்குமேல் மிச்சம் இருக்காது, ஃபோர்ட் வில்லியமிலிருந்து வண்டியில் போகவே இரண்டு மணி நேரம் ஆகும். அதோடு பாதை அருவியின் தலைமாட்டில் போய்ச் சேர்கிறது. முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் செங்குத்தான, ஈரமான தடத்தில் கீழே இறங்க வேண்டும். இந்தக் குழுவுக்கு இம்முறை அது பொருந்தாது. அந்த நாளை ஸ்டியாலுக்கான மாற்று நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் மிட்ஜ் என்ற கடிக்கும் நுண்கொசு ஓய்ந்திருக்கும். உண்ணி ஓயாது. புல்லிலும் பெரணியிலும் காத்திருந்து ஆடையில் ஏறும். பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் மகளுக்கு முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள், எள்ளளவுதான் இருக்கும். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம், நசுக்கவும் கூடாது. தேதியைக் குறித்து வைத்து அடுத்த ஒரு மாதம் அந்த இடத்தைக் கவனியுங்கள். வட்டமாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போய் உண்ணி கடித்ததையும் தேதியையும் முதலில் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் லைம் நோய் என்றால் ஆரம்பத்திலேயே ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள்.